72 டெஸ்ட்... ஒரு கேள்விகூட இல்லை!

மணமேல்குடிப் பக்கம் ஏப்ரல் 15-ம் தேதிக்கு மேல் போயிருக்கிறீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்சம் தெற்கே இறங்கினால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம். விசைப்படகுகள் எல்லாம் வேலையில்லாமல் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள். 2017-லிருந்து 61 நாள். ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது. அந்த இரண்டு மாதத்தில்தான் படகைக் கரையேற்றி, பலகை பார்த்து, இன்ஜினைப் பிரித்து மாட்டி, பெயின்ட் அடித்து... வருஷத்துக்கு ஒரு தடவை முழு சர்வீஸ்.

"படகுக்கே வருஷா வருஷம் செக்கப் பண்றாங்க. நீங்க உங்க உடம்புக்கு என்னப்பா பண்ணியிருக்கீங்க?"

கேட்டது என் அண்ணன் மகன், சிங்கப்பூரிலிருந்து, போனில். அண்ணன் என்றால் பெரியம்மா மகன். வயது 54. துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். தடைக்காலத்தில் மீன் கிடையாது; மீன் இல்லாவிட்டால் ஐஸ் கிடையாது; ஐஸ் இல்லாவிட்டால் கணக்கும் கிடையாது. 'சும்மாதானே இருக்கீங்க' என்று பையன் ஆன்லைனில் ஒரு பேக்கேஜை புக் செய்துவிட்டான். முழு உடல் பரிசோதனை. 72 டெஸ்ட். பாதிக்குப் பாதி தள்ளுபடி போக 3,499 ரூபாய். பாசமுள்ள பிள்ளை. அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

விடிகாலை பஸ் பிடித்து, பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்காமல், மதினியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அண்ணன் ஒரு பெரிய ஊரின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். ஊர், பேர் வேண்டாம். நான் சொல்லப்போவது ஒரு ஆஸ்பத்திரியின் கதை இல்லை.

ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் வாங்கினார்கள். ஈ.சி.ஜி., எக்ஸ்-ரே, வயிற்று ஸ்கேன். நடுவில் இட்லி, பொங்கல், காபி - பேக்கேஜில் சேர்த்தி. சாயங்காலம் 14 பக்கத்தில் பளபளவென்று ஒரு ஃபைல். கடைசியில் டாக்டர். நாலு நிமிஷம்.

14 பக்கத்தில் ஐந்து இடத்தில் தடித்த எழுத்து. நாலை டாக்டர் கையால் தள்ளிவிட்டார். ஐந்தாவது 'சி.இ.ஏ.' என்று ஒரு டெஸ்ட். பேக்கேஜ் நோட்டீஸில் 'கேன்சர் மார்க்கர்' என்று போட்டிருந்தது. இருக்கவேண்டிய அளவைவிடக் கொஞ்சம் கூடுதல்.

"பயப்படாதீங்க. எதுக்கும் குடல் டாக்டரைப் பார்த்துடுங்க."

'பயப்படாதீங்க' என்ற வார்த்தையைக் கேட்டுப் பயப்படாத மனுஷன் யாராவது உண்டா?

*

அடுத்த மூன்று மாதம் அந்த வீட்டில் நடந்ததை நான் கொஞ்சம் கிட்ட இருந்து பார்த்தேன். அண்ணன் சாப்பாட்டைக் குறைத்தார். ராத்திரி எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நிலப்பத்திரம் எங்கே இருக்கிறது என்று மதினியிடம் ஒரு நாள் காட்டிக் கொடுத்தாராம். மதினி என்னிடம் போனில் சொல்லிவிட்டு, வேறு எதுவும் பேச முடியாமல் வைத்துவிட்டார்.

நான் பி.காம். படித்தவன். டாக்டருக்குப் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்தது கணக்கு. இதோ அண்ணனின் கணக்கு: பேக்கேஜ் 3,499. அதே டெஸ்ட் மறுபடியும், 900. சி.டி. ஸ்கேன் 7,500. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தது 9,000. ஸ்பெஷலிஸ்ட் ஃபீஸ் 2,100. ஐந்து தடவை இரண்டு பேர் போய்வந்த செலவு 4,000. கூட்டிப் பாருங்கள். 26,999. பாட்டா செருப்பு விலை மாதிரி முடிகிறது! இதற்காக மதினியின் வளையல் ஒரு ஜோடி கூட்டுறவு வங்கியில் போய் உட்கார்ந்தது.

முடிவு? ஒன்றும் இல்லை. குடல் சுத்தம். நல்ல செய்திதான். அந்த ஸ்பெஷலிஸ்ட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டாராம்.

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"இருபத்தஞ்சு வருஷமா சார். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்."

"அதான்."

விஷயம் இதுதான். சி.இ.ஏ. என்பது, குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டவருக்கு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கப் பயன்படும் டெஸ்ட். அந்த வேலைக்கு நல்ல டெஸ்ட். ஒரு தொந்தரவும் இல்லாதவரிடம் புற்றுநோயைத் தேடிக் கண்டுபிடிக்க அது லாயக்கில்லை என்பது மருத்துவர்களுக்குள் பழைய செய்தி. புகை பிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் இல்லாமலே அது கொஞ்சம் கூடியிருக்கும் என்பதும் பழைய செய்திதான்.

72 டெஸ்ட் எடுத்தார்கள். சிகரெட் பிடிப்பீர்களா என்று நேருக்கு நேர் ஒருவரும் கேட்கவில்லை. ஃபாரத்தில் ஒரு கட்டம் இருந்ததாம். அண்ணன் டிக் அடித்திருக்கிறார். படிக்கத்தான் ஆள் இல்லை. இன்னொன்று. 25 வருஷம் புகைத்தவரிடம் ஒருவர்கூட "ஆ காட்டுங்க" என்று வாயைத் திறக்கச் சொல்லவில்லை. அது 73-வது டெஸ்ட்டாக இருந்திருக்கும். ஒரு டார்ச் லைட் செலவு.

*

முதலில் இந்த 72 என்ற எண்ணைப் பார்ப்போம்.

நிஜத்தில் அது எட்டோ ஒன்பதோதான். ஒரு குழாய் ரத்தத்தை மெஷினுக்குள் வைத்தால் ஹீமோகுளோபின், வெள்ளை அணு, சிவப்பு அணு, தட்டணு, அவற்றின் அளவு, சதவிகிதம் என்று இருபதுக்கு மேல் எண்கள் வந்து விழும். டாக்டர் சீட்டில் எழுதினால் அது ஒரே டெஸ்ட். பேக்கேஜில் அது இருபது. கல்லீரலுக்கு ஒரு பத்து, கொழுப்புக்கு ஒரு எட்டு, சிறுநீரில் ஒரு பத்து. இப்படியே சேர்த்துக்கொண்டு போனால் 72 என்ன, 100 கூட வரும். ஒரு சாம்பாரில் இருக்கும் பருப்பு, புளி, வெங்காயம், முருங்கைக்காய், பெருங்காயத்தை எல்லாம் தனித்தனியாக எண்ணி '24 வகை விருந்து' என்று போர்டு வைத்த மாதிரி.

சரி, நிறைய எண்கள் வந்தால் நல்லதுதானே, எதுவும் தப்பாது இல்லையா என்பீர்கள். இங்கேதான் ஒரு கணக்கு இடிக்கிறது.

'நார்மல்' என்று ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் போடுகிறார்களே, அது எப்படி வந்தது? பல டெஸ்ட்டுகளுக்கு வழி இதுதான்: ஆரோக்கியமானவர்கள் பலரின் அளவுகளை வரிசையாக அடுக்குவார்கள். மேலே இரண்டரை சதவிகிதம், கீழே இரண்டரை சதவிகிதத்தைத் தள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவிகிதத்துக்கு 'நார்மல்' என்று பெயர் வைப்பார்கள். அதாவது, நல்ல ஆரோக்கியமான 100 பேரில் 5 பேருக்குத் தடித்த எழுத்து வந்தே தீரும். அது ஒரு டெஸ்ட்டுக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால்? கால்குலேட்டரை எடுத்து 0.95-ஐ 20 தடவை பெருக்குங்கள். ஒரு கோளாறும் இல்லாத 100 பேரில் சுமார் 64 பேருக்கு எங்காவது ஓர் இடத்தில் 'அப்நார்மல்' வரும்.

அந்த 64 பேரும் அடுத்த டெஸ்ட்டுக்குப் போவார்கள். 3,499 ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நீங்கள் யோசித்திருந்தால், பதில் இதில் கொஞ்சம் இருக்கிறது. எல்லா ஆஸ்பத்திரியும் திட்டம் போட்டுச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. திட்டம் போடாமலே நடக்கும். கணக்கு அப்படி.

இது போதாதென்று அரசாங்கமும் ஒரு தூண்டில் போட்டிருக்கிறது. பழைய வரிமுறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு, முன்தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு என்று 2012 பட்ஜெட்டில் சொன்னார்கள். 20 சதவிகித வரி கட்டுபவருக்கு மிச்சமாவது ஆயிரம் ரூபாய் சொச்சம். அந்த ஆயிரத்துக்காக மார்ச் மாதக் கடைசியில் கையை நீட்டி ரத்தம் கொடுக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு!

*

நோய் வந்தபின் வைத்தியரைத் தேடியது ஒரு காலம். மணமேல்குடிக்காரர்களுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்த குலச்சிறை நாயனார் இந்த ஊர்க்காரர். அரசனுக்கு வெப்பு நோய் வந்து உடம்பு கொதித்தபோது, சம்பந்தரை வரவழைக்க அரசி மங்கையர்க்கரசியோடு சேர்ந்து முயன்றவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. நோய் வந்தது, ஆள் அனுப்பினார்கள்.

நோயே இல்லாதவரைக் கூப்பிட்டுச் சோதிக்கும் பழக்கம் ரொம்பப் பிந்தியது. 1861-ல் லண்டனில் ஹோரஸ் டோபெல் என்ற டாக்டர் இந்த யோசனையைச் சொன்னார். அதைப் பெரிய அளவில் பரப்பியவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க இன்ஷூரன்ஸ்காரர்கள். முதல் உலகப் போர் சமயத்தில் மெட்ரோபாலிட்டன் லைஃப் கம்பெனி தன் பாலிசிதாரர்களுக்கு இலவசப் பரிசோதனை கொடுத்தது. பாலிசிதாரர் நீண்ட நாள் இருந்தால் பிரீமியம் நீண்ட நாள் வரும். தப்பில்லை, நல்ல வியாபாரம். 1922-ல் அமெரிக்க மருத்துவ சங்கமும் ஆமோதித்தது. 'வருஷத்துக்கு ஒரு தடவை' என்பது அப்படித்தான் உலகத்தின் மனதில் பதிந்தது.

பதிந்துவிட்டதே தவிர, அதனால் ஆயுள் கூடுகிறதா என்று பிற்பாடுதான் சோதித்துப் பார்த்தார்கள். 1979-லேயே கனடாவின் நிபுணர் குழு ஒன்று, எல்லோருக்கும் ஒரே மாதிரியான வருடாந்திர செக்கப்பைக் கைவிட்டு, வயதுக்கும் ஆளுக்கும் ஏற்ற சோதனைக்கு மாறுங்கள் என்றது. 2019-ல் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியது. மொத்தம் இரண்டரை லட்சம் பேர். பொது செக்கப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் ஒரு பக்கம், அழைக்கப்படாதவர்கள் இன்னொரு பக்கம். இறப்பு விகிதத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

தென்கொரியா கதை இன்னும் உறைக்கும். 1999-ல் அங்கே அரசே புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தது. தைராய்டு அதில் கிடையாது. ஆனால், 'வந்ததுதான் வந்தீர்கள், கொஞ்சம் காசு கூடப் போட்டால் கழுத்தையும் ஸ்கேன் பண்ணிடலாம்' என்றன ஆஸ்பத்திரிகள். ஜனங்களும் கழுத்தைக் காட்டினார்கள். 2011-ல், ஒரே வருடத்தில் 40,000 பேருக்கு தைராய்டு புற்றுநோய் என்று தீர்ப்பு. 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. செத்தவர்கள்? முன்பும் வருஷத்துக்கு 400 பேருக்குள், இப்போதும் 400 பேருக்குள். அதாவது, சும்மா விட்டிருந்தால் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாமல் கூடவே இருந்திருக்கக்கூடிய பொடிக் கட்டிகளைத் தேடித்தேடிப் பிடித்து அறுத்திருக்கிறார்கள். அறுத்ததில் பலருக்கு ஆயுசுக்கும் மாத்திரை. சிலருக்குக் குரல் நரம்பு போனது. 2014-ல் கொரிய டாக்டர்கள் சிலரே வெளியே வந்து போதும் என்று சொன்ன பிறகு, ஒரே வருடத்தில் அறுவைசிகிச்சை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. ரிப்போர்ட்டில் எல்லாம் 'நார்மல்'. அந்த தைரியத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரையும் 'வாயு' என்று ஓமத் தண்ணி கொடுத்துப் படுக்க வைக்கும் வீடுகள் நம்மிடம் இருக்கின்றன. படுத்துக்கொண்டு எடுக்கும் ஈ.சி.ஜி., ரத்தக்குழாய் அடைப்பு இருப்பவருக்கும் ஒழுங்காக வர வாய்ப்புண்டு. துக்க வீட்டில், "போன மாசம்தான் ஃபுல் செக்கப் பண்ணோம், எல்லாம் நார்மல்னாங்க" என்ற வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

*

'அப்படியானால் செக்கப்பே வேண்டாம் என்கிறாயா?' என்று நீங்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

இல்லை. அவசியம் வேண்டும். எந்த செக்கப் என்பதுதான் கேள்வி.

காக்ரேன் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. அங்கே பலருக்குக் குடும்ப டாக்டர் என்று ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். இருமலுக்குப் போனாலும் பி.பி. பார்த்து அனுப்புவார். நம் கதை வேறு. சென்னை டாக்டர் மோகனின் மையமும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்து 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13 கோடிக்கு மேல் அதன் வாசற்படியில். ரத்தக்கொதிப்பு 31 கோடி. இதில் தனக்கு இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். ஆகவே நமக்குத் தேடுவது அவசியம். 72 இடத்தில் இல்லை, நாலைந்து இடத்தில்.

அந்த நாலைந்தில் சிலதை உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது நம் பக்கத்து ஆட்கள்தான் என்பது பலருக்குத் தெரியாது.

திண்டுக்கல் மாவட்டம். 2000-ல் ஆரம்பித்த ஓர் ஆய்வு. ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவ மையமும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையமும் சேர்ந்து நடத்தியது. (அடையாறு மருத்துவமனையை 1954-ல் ஆரம்பித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது புதுக்கோட்டை. மாவட்டப் பெருமையை விட்டுக்கொடுக்க முடியுமா?) அங்கே செய்தது என்ன? கர்ப்பப்பை வாயில், நம் சமையலறை வினிகரில் இருக்கிறதே அந்த அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெள்ளையாகத் திட்டு தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பது. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்ஸுகள். மெஷின் கிடையாது. 30 முதல் 59 வயதுக்குள் 31,343 பெண்களுக்குச் செய்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: செய்யாத கிராமங்களோடு ஒப்பிட்டால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது 35 சதவிகிதம் குறைவு.

அடுத்தது திருவனந்தபுரம். 13 பஞ்சாயத்துகளில் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வு. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது; அவ்வளவுதான். புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில், வாய்ப் புற்றுநோயால் இறப்பது 34 சதவிகிதம் குறைந்தது. எங்கள் அண்ணனுக்கு யாரும் செய்யாத அந்த 73-வது டெஸ்ட்!

மத்திய அரசின் வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. 30 வயது தாண்டிய எல்லோருக்கும் பி.பி., சர்க்கரை - வருஷம் ஒரு தடவை. வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் - ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசில்லாமல். பளபள ஃபைல் மட்டும் கிடைக்காது.

ஃபைல் மோகம் அரசாங்கத்தையும் விடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2016-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முழு உடல் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தபோது 'கோல்டு, டைமண்டு, பிளாட்டினம்' என்று மூன்று தரம் வைத்தார்கள். 1,000, 2,000, 3,000 ரூபாய். விலை நியாயம்தான். ஆனால், உடம்புக்கு எது தேவை என்பது வயதையும் பழக்கத்தையும் குடும்ப வரலாற்றையும் பொறுத்தது. பர்ஸைப் பொறுத்து அல்ல. நகைக்கடைப் பெயர் வைத்தால், பிளாட்டினம் எடுத்தவர் கோல்டு எடுத்தவரைவிடப் பத்திரமாக இருக்கிறார் என்றல்லவா ஆகிறது?

*

ஆக, நல்ல செக்கப்பில் என்ன நடக்கவேண்டும்? நான் சில டாக்டர்களை நச்சரித்துக் கேட்டதில் தேறியது இது. அடுத்த தடவை போகும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: முதல் பத்து நிமிஷம் பேச்சு. புகை, குடி, வெற்றிலை, தூக்கம், மூச்சு, மலம், சிறுநீர், மாதவிலக்கு, மனசு. அப்பா, அம்மா எதனால், எந்த வயதில் போனார்கள்? பேச்சே இல்லாமல் ஊசியை எடுத்தால், அது ரத்தம் சேகரிக்கும் இடம், செக்கப் இல்லை.

இரண்டு: கை படவேண்டும். எடை, இடுப்பளவு (நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனம்), வாய்க்குள் ஒரு பார்வை, பி.பி. மாடிப்படி ஏறி வந்த கையோடு பி.பி. பார்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு, ஒரு தடவைக்கு இரண்டு தடவை. அதற்கு அரை மணி நேரம் முன்புவரை டீயும் சிகரெட்டும் கூடாது.

மூன்று: ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு. பி.பி.யோ சர்க்கரையோ இருந்தால் கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும். பெண்களுக்கு ஹீமோகுளோபின். இதற்கு மேல் வேண்டுமா என்பதை டாக்டர் உங்களைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். நோட்டீஸ் சொல்ல வேண்டாம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் தண்ணீர் குடிக்கலாம். தினமும் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு: கூடுதல் டெஸ்ட் எதையாவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "டாக்டர், இதுல கூடவோ குறைச்சலோ வந்தா, நீங்க என்ன செய்வீங்க?" தெளிவான பதில் வந்தால் எடுங்கள். 'சும்மா பார்த்து வெச்சுக்கலாம்' என்றால் வீட்டுக்கு வாருங்கள்.

ஐந்து: திரும்ப எப்போது வரவேண்டும், அதுவரை என்ன செய்யவேண்டும் என்பது ஒரு சீட்டில் எழுதி வரவேண்டும். அதுதான் ரிப்போர்ட். மற்ற 14 பக்கம் அதற்கு ஆதாரம்.

இது எல்லாமே நன்றாக இருப்பவர்களுக்கு. நெஞ்சு வலி, தானாக எடை குறைவது, எங்கிருந்தாவது ரத்தம், கட்டி, இரண்டு வாரமாக ஆறாத வாய்ப்புண் - இவற்றில் ஏதாவது இருந்தால் செக்கப்புக்கு நாள் பார்க்காதீர்கள். நேரே டாக்டரிடம் போங்கள்.

*

அண்ணன் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது.

குடல் சுத்தம் என்று தெரிந்து வீடு கொஞ்சம் சிரிக்க ஆரம்பித்த சமயம். ஆவணி மாதம். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, அந்தத் திட்டத்தின் தன்னார்வலப் பெண் தெருவில் யாருக்கோ மாத்திரை கொடுக்க வந்திருக்கிறார். பக்கத்து ஊர்ப் பெண்தான். மதினி தண்ணீர் கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டு அந்தப் பெண், "அக்கா, கையைக் குடுங்க, உங்களுக்கும் பார்த்துடறேன்" என்று பட்டையைச் சுற்றியிருக்கிறது.

172-க்கு 104.

மறுபடி பார்த்திருக்கிறது. அதேதான். "அக்கா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போகாமல், மறுநாள் வந்து கூட்டிக்கொண்டும் போயிருக்கிறது. மதினிக்கு 49 வயது. இரண்டு வருஷமாக அவ்வப்போது தலைவலி. 'அடுப்படிச் சூடு' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு உறுத்துவது இதுதான். அண்ணனோடு அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஐந்து தடவையும் மதினி போயிருக்கிறார். டோக்கன் வாங்கி, ஃபைலைத் தூக்கிக்கொண்டு, பி.பி. மெஷினுக்குப் பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வளையலை வைத்த காசில்தான் அத்தனை சோதனையும் நடந்தது. அந்த வீட்டில் நிஜமாகவே உயிருக்கு ஆபத்தோடு இருந்தவர் அவர். யாரும் கையை நீட்டச் சொல்லவில்லை. பாசமுள்ள பிள்ளைக்கும் அப்பாவுக்குத்தான் பேக்கேஜ் போடத் தோன்றியது. எழுதுகிறேனே நான், எனக்கும்தான் தோன்றவில்லை.

இப்போது மதினி தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் பார்த்தபோது 134-க்கு 84. அண்ணன் ஒரு பாக்கெட்டிலிருந்து மூன்று சிகரெட்டுக்கு வந்திருக்கிறார். அந்த மூன்றையும் விடச்சொல்லி சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

சமீபத்தில் தடைக்காலத்தில் ஊருக்குப் போனபோது படகு ஆசாரி ஒருவர் வேலை பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். கரையேற்றிய படகுக்கு முன்னால் உட்கார்ந்து, உளியைத் தொடுவதற்கு முன்பு ஓனரிடம் அவர் கேட்டது: "இந்த வருஷம் எந்தப் பக்கம் தண்ணி வாங்குச்சு? பாரத்துல சாயுதா? எத்தனை நாளா?" கேட்டுவிட்டுத்தான் அந்த இடத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தார். அத்தனை பலகையையும் அவர் பிரிக்கவில்லை.

'படகுக்கே செக்கப் பண்றாங்க' என்று என் அண்ணன் மகன் சொன்னது சரிதான். படகுக்கு எப்படிச் செய்கிறார்கள் என்று நாங்கள் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டில் மற்றவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர் யார்? அம்மாவா, மனைவியா, அக்காவா? பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ இந்தத் தடவை அவரை நீங்கள் கூட்டிப் போங்கள். ஃபைலை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.